ஜீப்புக்கு ஒட்டு வேண்டாம்



மணமேல்குடியிலிருந்து பழைய மாணவன் ஒருவன் தன் தாத்தா ஓட்டிய ஜீப்பின் படம் அனுப்பியிருக்கிறான். மகிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் வண்டி. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்த வடிவம். தரைத் தகடு அரித்து, கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிகிறது. "மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதும் என்கிறார்கள், சரியா சார்?" என்று கேட்கிறான்.

போதாதப்பா. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கும். உங்கள் ஊர் உப்புக்காற்று வேறு. துரு மறைவாக வளர்ந்து நல்ல இடத்தையும் தின்னும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கேஜ் தகட்டைப் பொருத்து. கீழே தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் சுத்தியலால் தட்டிப் பார். இணைப்புகளில் சீலர், இரண்டு பக்கமும் பிரைமர். வெளியே பெயின்ட் அடிக்கக் காசு இருக்கும், காலடித் தகட்டுக்கு மட்டும் இருக்காது! இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

இன்னொன்று. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. காலி டேங்க்தானே என்று விட்டுவிடாதே; வகுப்பில் படித்ததுதான், பற்றுவது ஆவி. டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்த பிறகுதான் வெல்டிங். பேட்டரி ஒயரையும் எடுத்துவிடு.

வேலை முடிந்த படம் அப்புறம் அனுப்பலாம். டேங்க் கழற்றிய படம் முதலில் வரட்டும்.