பழவேற்காட்டில் போய்ப் பாருங்கள்!

"கிறிஸ்தவர்கள் மாதா சிலைக்கு மாலை போடுகிறார்களே, அவர்கள் வேதத்தில் அதற்கு அனுமதி உண்டா ஹஜ்ரத்?" ஜும்ஆ முடிந்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்.

சகோதரர்களே! இதில் அவர்களுக்குள்ளேயே ஒரே தீர்ப்பு இல்லை. சான்று தேடி ரோமாபுரி போக வேண்டாம், பக்கத்துப் பழவேற்காடு போதும். அங்கே போர்த்துக்கீசியர் வழிவந்த மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. 1613-ல் அதே ஊரில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் 1566-ல் அவர்கள் நாட்டு ஆலயங்களில் புகுந்து சிலைகளை உடைத்தவர்கள் கால்வினைப் பின்பற்றியவர்கள்!

இரு சாராருக்கும் ஆதாரம் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம்தான். கால்வினியர் சிலைத் தடையைத் தனிக் கட்டளையாக எண்ணுகின்றனர். கத்தோலிக்கர் முதல் கட்டளைக்குள் அடக்குகின்றனர். வணக்கம் இறைவனுக்கே, உருவத்துக்குச் செய்வது மரியாதை மட்டுமே என்று 787-ல் நைசியா சங்கம் விளக்கம் சொன்னது. மோசே செய்த வெண்கலப் பாம்பையும் கத்தோலிக்கர் காட்டுவர். நல்லது. அந்தப் பாம்புக்கே மக்கள் தூபம் காட்டியதால் எசேக்கியா மன்னர் அதை உடைத்ததும் அவர்கள் வேதத்தில்தானே (2 இராஜாக்கள் 18:4) இருக்கிறது? மரியாதை எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இதை அழகிய முறையில் எடுத்துச் சொல்லுங்கள். ஏசாதீர்கள், அல்குர்ஆன் 6:108 அதைத் தடுக்கிறது. 39:3-ஐயும் ஓதிப் பாருங்கள். 'இவர்கள் எங்களை அல்லாஹ்விடம் நெருக்கி வைப்பார்கள்' என்பதுதான் மக்கத்து முஷ்ரிக்குகளின் சமாதானமும்.

அந்தத் தம்பியிடம் அவர் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்டேன். தர்ஹா படமாம். வியாழன் இரவு ஊதுபத்தியும் உண்டாம்.