மன உறுதிக் குறைவு என்னும் பழி

"கல்யாணம் பண்ணி வைத்தால் தெளிந்துவிடும்", "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்": மனநோய் என்றதும் நம் வீடுகளில் வந்து விழும் யோசனைகள் இவை. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான். இது உடம்பின் நோயல்ல; வளர்த்தவர்களின் பிழை, அல்லது நோயாளியின் மன உறுதிக் குறைவு. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1948-இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவரே மனச்சிதைவுக்குத் தாயின் சுபாவத்தைக் காரணம் காட்டினார். அந்தப் பழியைத் தாய்மார்கள் பல்லாண்டு சுமந்தார்கள்.

இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க 2007-இல் ஒரு வழி பிறந்தது. மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டினார் ஜப்பானின் சின்யா யமனாகா. அதிலிருந்து நரம்பு செல்களை வளர்க்கலாம். 2015-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஃபிரெட் கேஜின் குழு, இருமுனை மனநோயாளிகள் 6 பேரின் தோலிலிருந்து அப்படி வளர்த்தது. நோயில்லாதவர்களின் செல்களைவிட அவை மிகையாக மின்துடிப்புகளை வெளியிட்டன. அந்நோய்க்குத் தரப்படும் மருந்தான லித்தியத்தைச் சேர்த்ததும் அந்தத் துடிப்பு தணிந்தது. அதுவும் லித்தியத்தால் குணம் கண்டவர்களின் செல்களில் மட்டுமே. செல்லைப் பின்னோக்கித் திருப்பும்போது வாழ்க்கை அதில் பதித்த தடங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தட்டில் கிடக்கும் செல்லுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்த தாய் இல்லை, காதல் தோல்வி இல்லை, தளர்ந்துபோக மன உறுதியும் இல்லை. அப்படியும் அது மிகையாகத் துடிக்கிறது என்றால், இதை யார் வளர்ப்பின் தலையில் கட்டுவது?

6 பேரை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். நியாயம்தான். இந்தச் செல்கள் கருவிலுள்ள மூளையின் செல்களைத்தான் ஒத்திருக்கின்றன. தட்டில் இருப்பது நோயின் ஒரு கூறு, நோயே அல்ல. தோலைக் கிள்ளி எடுத்து மருந்தைத் தேர்ந்து தருகிறேன் என்று இன்றைக்கு எவராவது கடை விரித்தால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தக் குறை எதுவும் 'மன உறுதி' வாதத்துக்குக் கைகொடுக்காது. அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டதா? அதுவும் இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தும் மற்றவருக்கு வராமல் போவது சகஜம். சூழலுக்குப் பங்கு உண்டு; அந்தப் பங்கும் நோயாளியின் குற்றமாகாது. லித்தியத்தால் குணம் காணாதவரைப் பார்த்தும் "நீ ஒத்துழைக்கவில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். அவர் சரியாகவே மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். அவருக்கு வேறு மருந்து தேவைப்படலாம்.