ரணஜன்னியும் தலைவிதியும்

போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்பவன் ஒருவன் தாடை பூட்டி, உடல் வில்லாய் வளைந்து செத்தால், "செய்த பாவத்திற்குக் கடவுள் கொடுத்த கூலி" என்று சொல்லிவிட்டுப் போவது பலருக்குச் சுலபமாயிருக்கின்றது. இது உண்மைதானா என்று சற்றுப் பகுத்தறிவைக் கொண்டு யோசிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

ரணஜன்னிக்குக் காரணம் பாவமுமல்ல, கிரகமுமல்ல. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் ஒரு கிருமியேயாகும். 1889-ம் வருஷத்தில் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் ஜெர்மனியில் அதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்றுப் படாத புண்ணில் அது வளரும். அதன் விஷம், தசைகளைத் தளர்த்தும் நரம்புக் கட்டளையைத் தடுத்துவிடுவதால் தசைகள் இறுகிப்போகின்றன.

போதை ஏற்றுவோருக்கு இது வருவதெப்படி? மருந்தில் கலந்த தூசியோ, அழுக்கு ஊசியோ கிருமியின் வித்தைத் தோலுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. கரண்டியில் வைத்துச் சூடாக்குவதால் மட்டும் அவ்வித்து செத்துவிடுவதில்லை. கொக்கெயின், மெத்தாம்பெட்டமின் போன்ற கிளர்ச்சி மருந்துகளை ஏற்றுவோர் ஒரே நாளில் பல தடவை குத்திக்கொள்ளுவதால் புண்ணும் அபாயமும் சேர்ந்தே பெருகுகின்றன. பிரிட்டனில் 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை இவ்வாறு ஊசி போட்டுக்கொண்ட 25 பேருக்கு ரணஜன்னி கண்டு, 2 பேர் மாண்டார்கள். அவர்கள் பெரும்பாலும் ஹெராயின் ஏற்றியவர்கள். தடுப்பூசியை முறைப்படி முடித்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

இது பாவத்தின் கூலியென்றால், தொப்புள் கொடியில் சாணம் தடவப்பட்டு இதே வியாதியால் மாண்ட பச்சைக் குழந்தைகள் செய்த பாவம் என்ன? அன்றியும், தடுப்பூசி போட்டவுடன் கடவுளின் கோபம் எங்கே போய்விடுகின்றது? இந்தியாவில் தாய் சேய் ரணஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் போனதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. பூசையாலா அது போயிற்று? தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலுமே போயிற்று.

நாம் போதைக்குப் பரிந்து பேசவில்லை. அது மனிதனின் அறிவையும் மானத்தையும் பறிப்பதேயாகும். ஆனால் அவனை அதிலிருந்து மீட்கவேண்டுமானால் முதலில் அவன் உயிரோடிருக்க வேண்டாமா? சுத்தமான ஊசி கொடுத்தால் கெட்ட பழக்கம் வளருமென்கிறார்கள். கொடுத்துப் பார்த்த நாடுகளின் ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை.

ரணஜன்னி ஒரு தரம் வந்து பிழைத்தவனுக்கும் மறுபடி வரலாம், தடுப்பூசியே காவல். அதைக் கொடுக்காமல் ஒருவனைச் சாகவிட்டு, விதியென்று ஒதுங்குவதற்கும் தீண்டாமைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.