யாரைக் கேட்டுக் கையெழுத்திட்டீர்கள்?

2025 ஜூலை 24. டெல்லியில் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நான்காம் நாள். அன்று பிரிட்டனில் இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரதமர் உடனிருக்க, மத்திய வர்த்தகத் துறை அமைச்சர் பியூஷ் கோயல் கையெழுத்திட்டார். அவை கூடியிருந்தது. அவையைக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் முழு வாசகம் கையெழுத்துக்குப் பிறகே வெளியானது. அதைப் படித்துப் பார்த்து, ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ வாக்களிக்கும் வாய்ப்பு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவருக்குக்கூடத் தரப்படவில்லை.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

திருச்சி மக்களுக்கு டெல்லியின் நடைமுறை நன்றாகத் தெரியும். ஜங்ஷன் மேம்பாலத்தின் மன்னார்புரம் பக்கக் கை, 66 சென்ட் இராணுவ நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. மாநில அரசு கேட்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சகம் இசைய வேண்டும், மாற்று மதிப்பு கணக்கிட வேண்டும் என்று கோப்பு மேல் கோப்பு நகர்ந்தது. 2023-இல்தான் அந்தப் பாதை திறந்தது. 66 சென்ட் நிலத்துக்கு அத்தனை ஒப்புதல் கேட்ட அரசு, நாட்டின் சந்தையையும் கொள்முதலையும் மருந்துச் சட்டத்தையும் தொடும் ஒப்பந்தத்துக்கு மக்களவையின் ஒப்புதலைக் கேட்கவில்லை. அமைச்சரவை கூடி முடிவெடுத்தது. இரண்டு நாளில் கையெழுத்து முடிந்தது.

அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்பார்கள். தடுக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 14-ஆம் இனம், வெளிநாட்டு ஒப்பந்தங்கள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. எந்த ஒப்பந்தம் அவைக்கு வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று முறைப்படுத்தும் சட்டத்தை 75 ஆண்டுகளாக யாரும் இயற்றவில்லை. நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சட்டச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம் 2002-லேயே அத்தகைய சட்டம் வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. பின்னர் காங்கிரஸ் ஆண்டது. பா.ஜ.க. ஆள்கிறது. சட்டம் வரவில்லை.

எதிர்த்தரப்பு நாடுகளைப் பாருங்கள். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் 2024 மார்ச் 10 அன்று இந்தியா ஒப்பந்தம் செய்தது. அதை ஸ்விஸ் நாடாளுமன்றம் விவாதித்து ஏற்றது. மக்கள் வாக்கெடுப்பு கோரக் குடிமக்களுக்கு அவகாசமும் தரப்பட்டது. அந்தக் கெடு முடிந்த பிறகே 2025 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். அது செல்லுபடியாக ஐரோப்பிய நாடாளுமன்றம் இசைய வேண்டும். ஒரே ஒப்பந்தம். அங்கே மக்களின் அவை கேட்கப்படுகிறது. இங்கே மக்களின் அவைக்குச் செய்தி சொல்லப்படுகிறது. இறையாண்மை பற்றி மேடைதோறும் முழங்குவோர் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

பிரிட்டன் ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பேசுவோம். ரூ.200 கோடிக்குக் குறைந்த அரசுக் கொள்முதலுக்கு உலக டெண்டர் கிடையாது என்று 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. சிறுதொழிலைக் காக்கும் வேலி என்று அதைப் பெருமையோடு சொன்னது. ஐந்தே ஆண்டுகளில், பிரிட்டன் ஒப்பந்தத்தின் வழியே மத்திய அரசின் கொள்முதல் பிரிட்டன் நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டது. ஒப்பந்தத்துக்குள் வரும் டெண்டர்களில், பொருள் மதிப்பில் 20 சதவீதம் பிரிட்டனில் உருவாகியிருந்தால் போதும், அந்த நிறுவனம் ‘இரண்டாம் வகுப்பு உள்நாட்டு வழங்குநர்’ ஆகிவிடுகிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்நாட்டு நிறுவனம் என்ற தகுதி தரப்படுகிறது. இதை எந்த அவை ஏற்றது?

திருச்சியின் துவாக்குடித் தொழிற்பேட்டையில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். மின் உற்பத்திச் சாதனங்கள் தயாரிக்கும் பெல் நிறுவனம் தரும் இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிழைத்த பட்டறைகள் அங்கே நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. சீன மின் உற்பத்திச் சாதனங்கள் நாட்டுக்குள் குவிந்தபோது அரசு வேடிக்கை பார்த்தது. 2012-இல்தான் 21 சதவீத வரி விதித்தது. அதற்குள் ஆர்டர்கள் கைமாறிவிட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் பெல்லின் ஆர்டர் சுருங்கியது. பட்டறைகளில் வேலை நின்றது. வங்கிக் கடன்கள் வாராக் கடன்களாயின. கிரேன் நின்ற ஷெட்டுகளுக்குப் பூட்டு விழுந்தது. வரிச்சுவர் தாமதமானால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் அனுபவித்திருக்கிறது. வரிச்சுவரை எழுப்பும் உரிமையையே ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று டெல்லி சிந்தித்ததா?

சமையல் எண்ணெயிலும் இதே கதைதான். 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தில் அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு கையெழுத்திட்டது. தி.மு.க. அந்த அமைச்சரவையில் இருந்தது. அப்போதும் அவையின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. ரப்பரும் மிளகும் என்னாகும் என்று அஞ்சிய கேரளத்தில் அக்டோபர் 2 அன்று இடது முன்னணி மனிதச் சங்கிலி அமைத்தது. டெல்லி அசையவில்லை. அந்த ஒப்பந்தம் கச்சா பாமாயில் வரிக்கு 37.5 சதவீதம், சுத்திகரித்த பாமாயில் வரிக்கு 45 சதவீதம் என்று உச்சவரம்பு கட்டியது. 2020 ஜனவரி 1 அன்று இந்தியா அதற்குப் பணிந்து வரியைக் குறைத்தது. துறையூரிலும் மணப்பாறையிலும் மானாவாரியில் கடலை போடும் விவசாயிக்கு இதை யாரும் சொல்லவில்லை. கடலை விலை விழும்போதுதான் அவர் தெரிந்துகொள்கிறார்.

ஆசியான் நாடுகளுடன் நமது வர்த்தகப் பற்றாக்குறை 2022–23-இல் 4,300 கோடி டாலரைத் தாண்டியது. இன்றைய வர்த்தக அமைச்சரே அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாகக் குறை கூறியிருக்கிறார். அதை மறுஆய்வு செய்து 2025-க்குள் முடிப்போம் என்று 2023-இல் அறிவித்தார்கள். அறையைச் சாத்திக்கொண்டு போட்ட ஒப்பந்தம் பிழையானது என்று சொல்பவர், தாமும் அறையைச் சாத்திக்கொண்டே கையெழுத்திடுகிறார். 2019 நவம்பர் 4 அன்று, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. நல்ல முடிவு. அதையும் அவை எடுக்கவில்லை. சேர்வதும் ஒரு சிலர் விருப்பம், விலகுவதும் ஒரு சிலர் விருப்பம் என்றால் குடியாட்சி எதற்கு?

மருந்திலும் கைவைத்திருக்கிறார்கள். காப்புரிமை உள்ள மருந்தை வேறு நிறுவனம் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை 2012 மார்ச்சில் இந்தியா முதன்முறையாக வழங்கியது. மாதம் ரூ.2.8 லட்சத்துக்கு விற்ற புற்றுநோய் மருந்தை ரூ.8,800-க்கு விற்க உள்நாட்டு நிறுவனத்துக்கு வழி பிறந்தது. பிரிட்டன் ஒப்பந்தமோ, நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உரிமமே சிறந்த வழி என்று எழுதி வைத்திருக்கிறது. நோயாளியின் உயிர் காக்கும் சட்ட ஆயுதத்தை மழுங்கடிக்கும் வாசகம் இது. இதற்கு யார் பொறுப்பு?

வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒப்பந்தத்தின் சுமையைத் தாங்குவது மாநிலத்தின் விவசாயி. மாநிலத்திடம் இசைவு கேட்கும் கடமை மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழக அரசும் தப்ப முடியாது. கையெழுத்துக்குப் பின் அறிக்கை விடுவது எதிர்ப்பு ஆகாது. மாவட்டவாரியாக எந்தத் தொழிலுக்கு என்ன பாதிப்பு என்று கணக்கெடுத்து, பேச்சு நடக்கும்போதே டெல்லியின் மேசையில் வைக்க வேண்டும். தமிழகத்தின் மக்களவை உறுப்பினர்கள் 39 பேர். இது அவர்களின் உரிமை. பறிபோன உரிமையைக் கேட்டு வாங்காதவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை. 14-ஆம் இனத்தின் கீழ் ஒப்பந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் உடனே இயற்ற வேண்டும். இரு அவைகளின் வாக்கெடுப்பு இல்லாமல் எந்த வர்த்தக ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரக்கூடாது. ஒப்பந்த வாசகம் கையெழுத்துக்கு முன்பே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியாக வேண்டும். மாநிலங்களின் கருத்து எழுத்தில் பெறப்பட்டு அவையில் வைக்கப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் இந்த வழியில் முதலில் வர வேண்டும். கொள்முதல், மருந்து உரிமம் குறித்த பிரிட்டன் ஒப்பந்தப் பிரிவுகளை நாடாளுமன்றக் குழு விசாரிக்க வேண்டும். வர்த்தக அமைச்சர் அதன் முன் வந்து பதிலளிக்க வேண்டும்.

நாட்டின் பெயரால் போடும் கையெழுத்துக்கு நாட்டின் ஒப்புதல் வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவைக் கொண்டு வாருங்கள்.