புதுக் காரு... பழைய கோளாறு! ஷோரூமுக்கு நடையாய் நடக்கும் சொந்தக்காரர்கள்

காரு பிறக்கிற ஊரு ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊரு ரோட்டிலேயே புதுக் காரு மக்கர் பண்ணி நின்றால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது அங்கிருந்துதான். ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ-நிஸ்ஸான் ஆலை. 2025-ல் அது முழுசாக ரெனோ கைக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே பாரத் பென்ஸ் லாரி. வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. ராத்திரி பகல் பாராமல் டிரெய்லர் லாரிகள் காரைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

ஆனால் வாங்கினவர் பாடு?

என்ஜின் விளக்கு எரிகிறது. காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. ஷோரூமில் விட்டால், "சரி பண்ணியாச்சு சார்" என்று சாவியை நீட்டுகிறார்கள். பத்தாம் நாள் பார்த்தால் அதே விளக்கு! மறுபடி விட்டால், "எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று பதில். ஆபீசுக்கு லீவு போட்டு, மாசத் தவணையும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு பஸ்சில் திரும்புகிறார் கார் முதலாளி.

ஏன் பிடிபடவில்லை?

மெக்கானிக்குக் கைராசி இல்லை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. இன்றைய காரில் எதற்கும் ஒரு சென்சார், எல்லாவற்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர். கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் ஒரு நம்பரைக் குறித்துவைக்கும். ஷோரூமில் ஸ்கேனரைச் செருகி அந்த நம்பரைப் படிப்பார்கள். எந்த சென்சார் பெயர் வருகிறதோ அதை மாற்றுவார்கள். நம்பரை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

கோளாறு சென்சாரில் இருந்தால் சரி. அது எர்த் வயரிலோ, தளர்ந்த கனெக்டரிலோ இருந்தால்? வண்டி சூடேறி, குலுங்கும்போதுதான் அது தலைகாட்டும். ஷெட்டில் குளிர்ந்து நிற்கும்போது சாதுவாக இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சைப் பாசம் பிடித்த கனெக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதைத் தேட வயரிங் முழுவதையும் பிரிக்கவேண்டும். அரை நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும்.

அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. வாரண்டி வேலைக்கு டீலர் முதலில் கைக்காசைப் போட்டுச் செய்துவிட்டு, பிறகு கம்பெனிக்குக் கணக்கு அனுப்புகிறார். கம்பெனி ஒத்துக்கொண்டால் பணம். "இது வாரண்டியில் வராது" என்று திருப்பிவிட்டால் நஷ்டம் டீலர் தலையில். பொருளை மாற்றினால் கணக்குக் காட்டுவது சுலபம். தேடிப் பார்த்த நேரத்துக்குக் கணக்குக் காட்டுவதுதான் கஷ்டம். அப்புறம் எந்த டீலர் தேடுவார்?

சொந்தக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெளிக்கடையில் வயரை வெட்டிக் கூடுதல் ஹாரன், கலர் விளக்கு போட்டுவிட்டு வந்து வாரண்டி கேட்டால், கம்பெனி கையை விரிக்கத்தான் செய்யும். எலி கடித்த வயருக்கும் அதே கதைதான்.

கம்பெனியே ஒத்துக்கொண்டால்...

கோளாறு கூட்டத்தோடு வந்தால் விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 பைக்குகளைத் திருப்பி அழைத்தது. இக்னிஷன் காயிலில் குறை. என்ஜின் மிஸ் அடிக்கலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது. 2024-ல் ஹூண்டாய் இரண்டு முறை அழைத்தது. பிப்ரவரியில் 7,698 கிரெட்டா, வெர்னா கார்கள். கியர்பாக்சின் எண்ணெய் பம்பை இயக்கும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் கோளாறு. ஜூனில் 1,744 ஐயோனிக்-5 மின்சாரக் கார்கள். சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியில் குறை. இந்த அழைப்புகளில் வேலைக்குக் காசு கிடையாது.

ஆயிரம் பேருக்கு வந்தால் ரீகால். ஒருத்தருக்கு மட்டும் வந்தால் "நல்லாத்தானே ஓடுது".

கோர்ட்டு ஏறிய கார்கள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டைப் பிடித்தால் ஜி.எஸ்.டி. சாலை. அங்கே மறைமலைநகரில் ஃபோர்டு, மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. இரண்டு கம்பெனியும் சுப்ரீம் கோர்ட்டு வரை போனவை.

பஞ்சாபில் ஃபோர்டு எண்டவர் வாங்கியவருக்கு என்ஜினில் ஓயாத ஆயில் கசிவு. இலவசமாக என்ஜினை மாற்றிக் கொடு, வண்டி நின்ற நாளுக்கு 2,000 ரூபாய் கொடு என்றது மாநில நுகர்வோர் ஆணையம். கம்பெனி விடாமல் அப்பீல் போனது. நடுவில் என்ஜினையும் மாற்றினார்கள். அப்படியும் தொல்லை தீரவில்லை! 2023 ஜூலையில் மொத்தம் 42 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட்டு. அதற்குள் மறைமலைநகரில் கார் தயாரிப்பே 2022-ல் நின்றுபோயிருந்தது. அதே இடத்தில் 2029 முதல் என்ஜின் செய்யப்போவதாக 2025-ல் ஃபோர்டு அறிவித்திருப்பது தனிக் கதை.

ஐதராபாத்தில் 2009 செப்டம்பர் 25-ந்தேதி வாங்கிய பி.எம்.டபிள்யூ. நாலாம் நாளே ஷெட்டுக்குப் போனது. நவம்பரில் மறுபடி அதே கோளாறு. 2012-ல் புதுக் கார் கொடுக்கச் சொன்னது ஐகோர்ட்டு; வாங்கியவர் அதை ஏற்கவில்லை. 2024 ஜூலையில் 50 லட்சம் ரூபாய் என்று முடித்துவைத்தது சுப்ரீம் கோர்ட்டு. பதினைந்து வருஷம்!

வசதியுள்ளவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எட்டு லட்சத்துக்கு லோன் போட்டு வாங்கிய குமாஸ்தா என்ன செய்வார்? கோளாறு என்றதும் புதுக் கார் கிடைத்துவிடும் என்றும் நம்பமுடியாது. கிளட்ச் கோளாறு வழக்கு ஒன்றில், கெட்ட பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்றவேண்டியதில்லை என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஜாப் கார்டு எங்கே?

சொந்தக்காரர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் ஷோரூமில் தரும் ஜாப் கார்டு. ஆனால் அதில் என்ன எழுதுகிறார்கள் என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? "ஓடும்போது என்ஜின் அணைகிறது" என்று வாயால் சொல்லுவார். கவுண்ட்டரில் இருப்பவர் "ஜெனரல் செக்கப்" என்று தட்டிவிடுவார். வண்டியை எடுக்கும்போது "வேலை திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார். ஐந்து முறை போயும் காகிதத்தில் ஒரு கோளாறும் இருக்காது. நுகர்வோர் ஆணையத்தில் டீலர் வக்கீல் நீட்டப்போவது அந்தக் கையெழுத்தைத்தான்.

சொன்ன வார்த்தை அப்படியே ஏறவேண்டும். தேதி, கிலோமீட்டர், ஸ்கேனர் காட்டிய நம்பர், மாற்றிய சாமான் எல்லாம் வேண்டும். கோளாறு தீரவில்லை என்றால் அதையும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். விளக்கு எரியும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

வழக்கில் டீலர், கம்பெனி இரண்டு பேரையும் சேர்ப்பது முக்கியம். டீலர் தனியாகச் செய்த தப்பு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. தயாரிப்புக் குறை என்றால் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும். அதை நிரூபிக்க வண்டியைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் தன் காரை நேராக ஓட்டிப் போய் "பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிற இடம் அல்ல அது!

செலவு பயப்படுகிற அளவு இல்லை. 5 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். பிழைப்புக்காகச் சொந்த டாக்ஸி ஓட்டுகிறவரும் போடலாம். போன் நம்பர் 1915-ல் புகார் சொல்லலாம்.

ஊரெல்லாம் ஒரே கோளாறு என்றால் மத்திய அரசே ரீகால் உத்தரவு போட 2021 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். அபராதம் ஒரு கோடி வரை. ஆனால் அதற்குப் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை சேரவேண்டும். ஷோரூம் வாசலில் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்புகிறவரின் புகார் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருஷம்.