திருச்சி கிட்ட, கட்டுநாயக்க எட்ட: பலாலியும் யாழ். முஸ்லிம்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து உம்றாவுக்குப் புறப்படும் வயோதிபர்கள் பலர் இன்றும் இரவு பஸ்ஸில் ஏறித்தான் கட்டுநாயக்க போகிறார்கள். இஹ்ராம் உடுப்பதற்கு முன்பே ஒரு முழு இரவுக் களைப்பு. பலாலியிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீற்றர். அதே பலாலியிலிருந்து திருச்சி சுமார் 185 கிலோமீற்றர்தான். நமக்கு மிகக் கிட்டிய பெரிய சர்வதேச விமான நிலையம் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது.

இது புதிய கதையல்ல. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு யுத்தம் எல்லாவற்றையும் மூடியது. 2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனா வந்து மீண்டும் மூடியது. 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. விமானத்தில் சுமார் ஒரு மணித்தியாலம்தான்.

ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் உம்றா பயணிக்கு உதவுவதில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் இந்தியாவில் பொதியை எடுத்து, குடிவரவைக் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலியிலேயே பொதியைக் கொடுத்து ஜித்தாவில் எடுக்கும் ஒரே டிக்கெட் ஏற்பாடு வரும்வரை, கிட்ட இருக்கும் திருச்சி எட்டத்தான் இருக்கும். நம் உம்றா முகவர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கூட்டாகக் கேட்க வேண்டியது இதைத்தான். இதுவரை யாரும் உரத்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990 அக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் புத்தளத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சிலாபம், நீர்கொழும்பு வழியே கட்டுநாயக்கதான் கிட்ட. சோனகதெருவில் மீள்குடியேறியவர்களின் தொகை சிறியது. பயணிகள் இல்லாமல் எந்த விமானக் கம்பனியும் நமக்காகச் சேவை நடத்தாது. ஆகவே பலாலி பற்றிய பேச்சும் கடைசியில் மீள்குடியேற்றத்தில்தான் போய் நிற்கிறது.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் வரும், நேரே வளைகுடாவுக்கே போகலாம் என்கிறார்கள். இப்போது வருவது ஏடிஆர் 72 ரகச் சிறு விமானம்தான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஓடுபாதை எந்தப் பக்கம் நீளும்? பலாலியைச் சுற்றிய காணிகளில் வாழ்ந்தவர்கள் வலிகாமம் வடக்குத் தமிழ் மக்கள். நாம் வெளியேற்றப்படுவதற்கு நாலு மாதம் முன்பு, அதே 1990 ஜூனில், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களில் பலர் இன்னும் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

வீட்டுச் சாவியோடு புத்தளம் போனவர்கள் நாம். அந்தக் காணிக்காரர்களைக் கேட்காமல், உரிய நட்டஈடோ மாற்றுக் காணியோ கொடுக்காமல் நீட்டப்படும் ஓடுபாதையை நாம் ஆதரிக்க முடியாது. அதுவரை அந்த இரவு பஸ்ஸே போதும்.