சிங்க் நாறினால்...

ஓட்டல் சமையலறை சிங்க் நாறினால் உடனே பினாயில் ஊற்றுகிறார்கள். அதன் வாசனை போனதும் நாற்றம் திரும்புகிறது. கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும்.

ஒன்று, சிங்க்குக்குக் கீழே உள்ள வளைவுக் குழாய். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு மேலேறாமல் தடுக்கிறது. புழங்காத சிங்க்கில் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

மற்றொன்று, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் 'கிரீஸ் டிராப்' தொட்டி. எண்ணெயும் வண்டலும் கால் பங்கு சேர்வதற்குள் அள்ளிவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் உருகி ஓடி, சற்றுத் தள்ளி உறைந்து குழாயை அடைக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. எனவே வாடை இல்லை என்று நம்பி, பெரிய தொட்டிக்குள் ஊழியரை இறக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனமின்றி சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஓட்டல் தொட்டியில் உருவாவதும் அதே வாயுதான். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.